நாற்பது முறை மெய்யானது

"எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!" என்னும் சொல், கிராணி உத்தியோகத்தில் சில வருஷங்கள் பழகியவர்களின் நாவில் எப்பொழுதும் ஆயத்தமாய் நிற்பது. புதிதாய் வந்த வேலையாள் மூன்றாம் மாதத்தில் ஓடிவிடுவான் என்று சொல்லுவதற்கும், இன்ன வீட்டுப் பிள்ளை படிப்பில் தேறாது என்று தீர்ப்பதற்கும், முன்பணம் கேட்கிறவனிடம் கையை விரிப்பதற்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாகி விடுகிறது. செக்ரோல் புத்தகத்தில் நாளுக்கு நாள் பெயர் பதிந்து, வந்தவன், வராதவன் என்று கோடிட்டு வருகிறவனுக்கு, மனிதர்களும் நாளடைவில் கோடுகளாகவே தோன்றத் தலைப்படுகிறார்கள். எத்தனை பேரைப் பார்த்தால் ஒரு விதி சொல்ல நமக்கு உரிமை உண்டாகிறது? பத்துப் பேரா, நாற்பது பேரா, நாலாயிரம் பேரா? இக்கேள்வியை நான் நெடுங்காலம் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்கும்படி செய்தவன் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன். அவன் கையிலிருந்த ஆயுதமோ எண்கணக்கு.

நான் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் குடியிருந்து, நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் ஒரு தோட்டத்து ஆபீசுக்குப் போய் வருகிறவன். அத்தோட்டம் ஒரு காலத்தில் முற்றும் பால்மரம். இப்பொழுது பெரும்பகுதி செம்பனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லித் தருவதுண்டு. மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்த திட்டத்தில் படித்தவன் நான். ஆதலால் 'பிரைம்' என்று மனப்பாடம் செய்து பல வருஷம் கழிந்த பின்னரே 'பகா எண்' என்ற தமிழ்ச்சொல்லை அறிந்தேன். ஆங்கிலச் சொல் முதன்மையை மட்டும் சொல்லுகிறது. தமிழ்ச்சொல்லோ பொருளையே சொல்லிவிடுகிறது. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதமின்றிப் பகுபடாதது பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று அவை தொடங்குகின்றன. அவற்றிற்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னரே ருசுப்படுத்திவிட்டார். ஆயினும் அடுத்தது எங்கே வரும் என்று அவை முன்னறிவிப்பதில்லை. அவற்றை ஒரு சூத்திரத்துள் கட்டிவிடலாகாதா என்னும் ஆசை பெரிய மேதைகளையும் பிடித்து ஆட்டியிருக்கிறது.

1772ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை ஒரு சூத்திரத்தை எடுத்துக்காட்டினார். நேயர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு தாமே செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, வந்ததோடு 41ஐக் கூட்டுக, அவ்வளவே. பூஜ்யத்தில் தொடங்கினால் 41. ஒன்றை இரண்டால் பெருக்கிக் கூட்ட 43. இரண்டை மூன்றால் பெருக்கிக் கூட்ட 47. பின்னர் 53, 61, 71, 83, 97 என்று வளர்ந்து செல்லும். ஓர் எண்ணின் வர்க்கம் இதனுள் அமைந்திருப்பதால் கணித நூலார் இதனை இருபடிக் கோவை என்பர். வியப்பு என்னவெனில், இவ்வரிசையில் வருவன எல்லாம் பகா எண்களாகவே இருக்கின்றன.

இதனை ஒரு ஞாயிறன்று பிள்ளைகளுக்கு வேடிக்கையாகச் சொல்லிவைத்தேன். அச்சிறுவன் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டே போய், இருபதாம் எண்ணில் 461 வந்ததும் தலை நிமிர்ந்து, "ஐயா, எப்போதும் பகா எண்தான் வருமா?" என்று கேட்டான். நான் அதன் முடிவைக் கணக்கிட்டவனல்லன். எங்கோ படித்த அரைகுறை நினைவு மட்டுமே இருந்தது. ஆயினும் உபாத்தியாயர் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வருகிறதா? "இவ்வளவு தூரம் வந்தது போதாதா? எப்போதும் வரும்," என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். நான் அவர்களுக்குக் கொடுத்திருந்த பழைய ஆபீஸ் தாள்களின் பின்புறத்தில் வரிசையாகக் கணக்கு. பூஜ்யம் முதல் முப்பத்தொன்பது வரை நாற்பது எண்களுக்கும் பகா எண்ணே. கடைசியில் நின்றது 1601. நாற்பதாம் எண்ணுக்கு நேரே 1681 என்று எழுதி, அதன் கீழே இரண்டு முறை கோடிட்டிருந்தான். 41ஐ 41ஆல் பெருக்கினால் வருவது 1681.

அவன் முகத்தில் வெற்றிச் செருக்கு ஒன்றுமில்லை. என்னை எப்படித் திருத்துவது என்னும் சங்கடமே இருந்தது. எனக்கு உறைத்தது வேறொன்று. நாற்பதை நாற்பத்தொன்றால் பெருக்கி நாற்பத்தொன்றைக் கூட்டுவதென்றால், நாற்பது நாற்பத்தொன்றுகளோடு இன்னுமொரு நாற்பத்தொன்றைச் சேர்ப்பதன்றோ? அது பகுபடாமல் வேறென்ன செய்யும்? ஒரு பரீட்சையும் செய்யாமல், சூத்திரத்தின் முகத்தை ஒரு நிமிஷம் உற்று நோக்கியிருந்தாலே அது எங்கே முறியும் என்று சொல்லியிருக்கலாம். முறிவதற்கான காரணம் நாற்பதாம் எண்ணில் வந்து புகுந்ததன்று; முதல் நாளிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தது. நாற்பது வெற்றிகளும் அதனை நம் கண்ணுக்கு மறைத்தன. அதற்குமேல் அவை ஒன்றும் செய்யவில்லை.

இழந்த மதிப்பை மீட்க வேண்டி நான் அன்றிரவு மேலே கணக்கிட்டேன். சூத்திரம் தவறும் இடங்கள் 40, 41, 44, 49, 56, 65, 76 என்று வந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பதைக் கழித்துப் பாருங்கள்: 0, 1, 4, 9, 16, 25, 36. எல்லாம் வர்க்க எண்கள்! தவறுகின்ற எண்களைப் பகுத்துப் பார்த்தாலோ இன்னும் அழகு. 1763 என்பது 41 பெருக்கல் 43. 2021 என்பது 43 பெருக்கல் 47. 2491 என்பது 47 பெருக்கல் 53. வரிசையில் அடுத்தடுத்து நின்ற பகா எண்களே கைகோத்துக்கொண்டு வருகின்றன. பிழைக்குள்ளும் இத்தகைய ஒழுங்கு இருப்பதைக் கண்டு எனக்கு உறக்கம் வரவில்லை. "நாற்பதோடு ஒரு வர்க்கத்தைக் கூட்டிய இடத்தில் மட்டுமே சூத்திரம் தவறும்" என்று மறுவாரம் கரும்பலகையில் விதியாகவே எழுதிவிட்டேன்.

அதுவும் நிற்கவில்லை. 81ஐ 82ஆல் பெருக்கி 41 கூட்ட 6683. அது 41 பெருக்கல் 163. நாற்பதை நீக்கினால் மிஞ்சுவது 41, அது வர்க்கமன்று. 82 என்பதே இரண்டு நாற்பத்தொன்று என்பதைக் கண்ணுள்ளவன் கண்டிருப்பான். என் விதியில் பாதி மெய்: நாற்பதோடு வர்க்கத்தைக் கூட்டிய இடங்களில் சூத்திரம் தவறியே தீரும், இதற்கு நான்கு வரியில் ருசு உண்டு. மற்றப் பாதியாகிய 'மட்டுமே' என்பது ஏழு உதாரணங்களைப் பார்த்துவிட்ட ஒருவனின் தைரியம். ஒரு முறை சுட்ட பின்னும் அதே நெருப்பில் ஒரே வாரத்தில் மறுபடியும் கை வைத்தேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

இவை சிறுவர் விளையாட்டென்று தள்ளுவோர் இருப்பர். அவர்கள் நம் நாட்டவராகிய சு. சி. பிள்ளையின் ஆராய்ச்சியைக் கேட்க வேண்டும். 1901இல் செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சிவசங்கரநாராயண பிள்ளை அவர் பெயர். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுள் மற்றெல்லாவற்றோடும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது இருக்குமா என்பது கேள்வி. இரண்டு எண்கள் எடுத்தாலும் இருக்கிறது. ஐந்து எடுத்தாலும், பத்து எடுத்தாலும் இருக்கிறது. பதினாறு வரை எங்கே தொடங்கி எடுத்தாலும் இருந்தே தீரும் என்று பிள்ளை 1940இல் நிரூபித்தார். பதினேழில் அவ்வுண்மை முறிகிறது என்பதையும் அவரே காட்டினார். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களை ஆராய்ந்தால், தனித்து நிற்கும் எண் ஒன்றேனும் அகப்படாது. 1950இல் சர்வதேசக் கணித மகாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவுக்கு அருகே ஆகாய விமானம் விழுந்து அவர் மாண்டார். அவர் பெயரை அறிந்த தமிழர் எத்தனை பேர் என்று கேட்கவே கூச்சமாயிருக்கிறது.

இராமாநுஜனை எல்லாரும் அறிவர். சென்னைத் துறைமுக ஆபீசில் 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு அமர்ந்த கிராணி அவர். கிராணிகளாகிய நாங்கள் சாதி பேசுவது இந்த ஓரிடத்தில் மட்டுமே மன்னிக்கத்தக்கது. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றியும் பேசினார். ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிக நுட்பமாகக் கணிக்கும் வழி தம்மிடம் உண்டென்பது அவர் நம்பிக்கை. அவர் கண்ட பலவும் ஹார்டியைப் பிரமிக்கச் செய்தன. ஆனால் இந்த ஒன்றில் அவர் உள்ளுணர்வு அவரை ஏமாற்றிவிட்டது. 1914இல் ஹார்டியின் தோழர் லிட்டில்வுட் இன்னும் பெரிய அதிர்ச்சியைத் தந்தார். பகா எண்களின் தொகைக்குக் காஸ் கண்ட மதிப்பீடு, மெய்யான தொகையைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதை அட்டவணைகள் எங்கும் கண்டு, எப்போதும் அப்படியே இருக்கும் என்று பலர் கருதியிருந்தனர். அது தலைகீழாகும் இடங்கள் எண்ணிறந்தன என்று லிட்டில்வுட் நிரூபித்தார். அத்தகைய இடம் ஒன்றை இன்றுவரை ஒருவரும் நேரில் எண்ணிக் கண்டதில்லை. 317 இலக்கம் கொண்ட ஓர் எண்ணின் அருகே அது நேர்கிறது என்று இக்காலத்தார் கணித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்த இடமெங்கும் மெய், ஆயினும் பொய்!

இப்படியானால் உலகில் எதைத்தான் நம்புவது என்று ஒருவர் கேட்கலாம். பெரட்டுக்கு ஆள் வருவானா என்பதற்கு ருசு கேட்டுக்கொண்டிருந்தால் தோட்டம் நடக்குமா? நியாயமான கேள்வியே. நம் முன்னோர் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று வகுத்தனர். மணிமேகலையின் 29ஆம் காதை, கருதி அறிதல் எங்கே செல்லும், எங்கே வழுவும் என்பதை விரிவாகவே ஆராய்கிறது. மலையில் புகை கண்டு நெருப்புண்டென்று அனுமானிப்பது பழைய உதாரணம். அது செல்லுவது, அடுக்களையில் ஆயிரம் முறை இரண்டையும் சேர்த்துக் கண்டோம் என்பதனாலா? அன்று, நெருப்பிலிருந்து புகை பிறக்கிறது என்பதனால். காரணத்தை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் நம்பினால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் ஒரு சாஸ்திரமாகிவிடும். நம்மவருள் எத்தனை வழக்கங்கள் 'பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான்' என்னும் ஒரே பலத்தில் நிற்கின்றன! பாட்டன் காலம் என்பதும் ஒரு தொகைதானே.

இதனை நான் கணிதத்தின் பொருட்டு எழுதவில்லை. அச்சிறுவனுக்கு ஓர் அக்காள் உண்டு. 1681 வந்த ஞாயிற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன், அப்பெண் எஸ்.பி.எம். தேர்வு முடிவோடு தாயாருடன் என் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் குடும்பம் எங்கள் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து ஜெலாப்பாங்குக்கு வந்து குடியேறியது. "கிராணி ஐயா, ஆறாம் படிவத்துக்கு அனுப்பலாமா? வேலைக்குப் போகட்டுமா?" என்று தாயார் கேட்டார். தேர்வு முடிவு மோசமில்லை. நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நம் வரிசையிலிருந்து மேலே படிக்கப் போன ஒன்பது பேரும் நடுவில் நின்றுவிட்டார்கள். இரண்டு வருஷம் வீணாகப் போவானேன்?" என்றேன். அந்தப் பெண் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

செக்ரோல் தாளின் பின்புறத்தில் 1681ஐப் பார்த்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்த வாசற்படி. ஒன்பது பேரின் பெயரையும் அன்று எழுதிவைத்துக்கொண்டு, அகப்பட்டவர்களை நேரிலும் மற்றவர்களைத் தொலைபேசியிலும் விசாரித்தேன். நால்வர் நின்றதற்குக் காரணம், தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த பள்ளிப் பேருந்து நின்றுபோனது. மூவர் வீட்டில் தகப்பனுக்கு நோய், வருமானம் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கலியாணம் ஆகிவிட்டது. ஒன்பதாமவனோ நிற்கவேயில்லை, மாமன் வீட்டில் தங்கி வேறொரு பள்ளியில் படிப்பை முடித்துப் பினாங்கில் நல்ல வேலையில் இருக்கிறான். நான் பதினைந்து வருஷம் தொகை போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். என் ஒன்பதே எட்டாகி நின்றது. படிப்பு வராமல் நின்றவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. ஜெலாப்பாங்கில் குடியிருக்கும் இந்தப் பெண்ணுக்கோ பேருந்துக் குறையும் இல்லை, தகப்பனுக்கு நோயும் இல்லை. என் ஒன்பது பேரில் ஒருவருடைய கதையாவது அவளைத் தொடவில்லை.

தாயாரிடம் போய்ச் சொன்னேன். "நீங்கள் படித்தவர், பார்த்துத்தானே சொல்லியிருப்பீர்கள்," என்றார் அவர். அதனைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாதது. அவள் இன்னும் அத்தொழிற்சாலையில்தான் இருக்கிறாள்.

இங்கேதான் எண்ணுக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புலப்பட்டது. ஆய்லருடைய வரிசை எப்போதும் பகா எண்ணே தரும் என்று நான் சொன்னதனால் 1681க்கு ஒரு நட்டமும் இல்லை. அது தன் பாட்டில் 41ஆல் பகுபட்டுக்கொண்டு நின்றது. மனிதரோ நாம் சொன்ன விதிக்கு அடங்கிப்போகிறார்கள். ஒன்பது பேர் நின்றார்கள் என்று சொல்லிப் பத்தாமவளை நானே நிறுத்திவிட்டு, பிறகு பத்துப் பேர் நின்றார்கள் என்று கணக்குக் காட்ட என்னால் முடிந்திருக்கும். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் ருசு தேட நேரமில்லை என்பது சரியே. மழை வருமா என்று கணிக்கிறவன் தவறினால் அவனே நனைகிறான்; அவன் துணிந்து கணிக்கட்டும். தவறினால் மற்றொருத்தி நனைய வேண்டியிருக்குமாயின், 'எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்' என்பதை வாயிலிருந்து விடுமுன், அந்த எத்தனை பேரும் ஏன் அப்படி ஆனார்கள் என்று விசாரித்திருக்க வேண்டாமா? இன்று தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். 'இவர்கள் இப்படித்தான்' என்று நம்மவர் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து சொல்லக் கேட்கும்போதெல்லாம், அதே திண்ணையில் உட்கார்ந்து நம் பாட்டன்மாரைப் பற்றி வேறு யாரோ அப்படியே சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ருசுவே கையிலிருந்தாலும், ஆளைப் பார்த்து எடைபோடும் வழக்கம் அதனையும் கெடுத்துவிடும். 41ஐப் போலவே, தன்னைக் கூட்டும் சூத்திரத்தை இயன்ற தூரம் வரை பகா எண்ணாகவே நடத்திச் செல்லும் எண்கள் 2, 3, 5, 11, 17 என்பவை. 41க்கு மேல் அப்படி வேறொன்று உண்டா என்பது, சற்று முன் 6683ஐப் பகுத்தபோது தலைகாட்டிய 163 என்னும் எண்ணைப் பற்றிய பழைய புதிர் ஒன்றோடு பிணைந்தது. இல்லை என்று 1952இல் ஒரு ஜெர்மானியர் நிரூபணம் வெளியிட்டார். ஹேக்னர் என்பது அவர் பெயர். பல்கலைக்கழகப் பதவி இல்லாதவர். நிரூபணத்தில் ஓட்டை இருப்பதாகக் கருதி வித்துவான்கள் அதனை ஏற்கவில்லை. 1965இல் அவர் இறந்துபோனார். அதன்பின் ஓரிரு வருஷத்துக்குள் பேக்கர், ஸ்டார்க் என்னும் இருவர் தனித்தனியே அதே முடிவை நாட்டினர். ஹேக்னருடைய பழைய ஏட்டை மறுபடியும் எடுத்துப் படித்த ஸ்டார்க், அது அடிப்படையில் சரியானதே, ஓட்டை மிகச் சிறிது என்று 1969இல் எழுதினார். பட்டமும் பதவியும் இல்லாதவர் கொண்டுவந்த நிரூபணங்கள் பலவும் தவறாக இருந்திருக்கலாம். ஆகவே இதுவும் தவறாயிருக்கும் என்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்களோ! இராமாநுஜனும் சென்னையில் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவரே. தோல்விகளை மட்டும் எண்ணுகிற கிராணி ஒருவன் அவரைப் பற்றி என்ன எழுதியிருப்பான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற மாதம் அச்சிறுவனுக்கு வேறொரு வரிசை கொடுத்தேன். ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி ஒன்றைக் கூட்டுக. பகா எண்ணாக வருவதை மட்டும் குறித்து வைக்க. 2, 5, 17, 37, 101, 197, 257, 401, 577, 677, 1297 என்று அவன் எழுதிக்கொண்டு வந்தான். அடுத்தது 1601, ஆய்லரின் வரிசையில் கடைசியாகப் பிழைத்து நின்ற அதே எண் இங்கும் வந்து நின்றது கண்டு சிரித்தான். இவ்வரிசையில் பகா எண்கள் முடிவின்றி வருமா என்பது கேள்வி. 1912இல் கேம்பிரிட்ஜில் கூடிய மகாநாட்டில், அன்றைய கணிதத்தின் கைக்கு எட்டாதவை என்று லாண்டாவ் எடுத்துரைத்த நான்கு புதிர்களுள் இதுவும் ஒன்று. எவ்வளவு அடர்த்தியாக வரக்கூடும் என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1923இல் ஓர் அனுமானம் வெளியிட்டனர். எண்ணிப் பார்த்த அளவில் அது நன்றாகவே ஒத்துப்போகிறது. பகா எண்ணாகவாவது, இரண்டே பகா எண்களின் பெருக்கமாகவாவது அமைபவை முடிவின்றி உண்டென்று 1978இல் இவானியெட்ஸ் நிரூபித்தார். அதற்கு அப்பால் வழி இன்னும் திறக்கவில்லை.

"ஐயா, முடிவில்லாமல் வருமா?" என்றான்.

"தெரியாது."

"உங்களுக்கா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து நூறை நூறால் பெருக்கி ஒன்றைக் கூட்டி 10001 என்று எழுதிக்கொண்டு, மூன்று, ஏழு, பதினொன்று என்று பகுத்துக்கொண்டே போனான். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 73இல் அது உடைந்தது.